அந்த ஆண்டின் சிறந்த பேச்சாளர்

சொட்டு என்று எல்லோரும் அழைத்தவருக்கு வயது நாற்பத்தாறு. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பார். அதனால் வந்த பெயர். பேச்சும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று யாரோ அளந்து கொடுத்ததுபோலப் பேசுவார். சக ஊழியர் ஒருவரின் பிரிவுபசாரக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, "நன்றி, வணக்கம்" என்று கணக்காக இரண்டே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தவர்.

அப்படிப்பட்டவர் எப்படி அந்த ஆண்டின் சிறந்த பேச்சாளர் ஆனார் என்பது கதை. அவரே சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டி வந்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்துப்போவார்.

அச்சகத் தெருவில் அறுபத்து மூன்று வீடுகள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தெருக் குழாயிலிருந்து பிடித்து வந்த தண்ணீரை அவர் வடிதாளில் வடித்து, தாளைக் கண்ணாடித் தட்டில் வைத்து, சூட்டுப்பெட்டிக்குள் வைத்தார். மலக்கிருமி இருந்தால் மறுநாள் அது தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். நூறு மில்லி தண்ணீருக்கு ஒரு புள்ளிகூட வரக் கூடாது. மறுநாள் திறந்து பார்த்தபோது தட்டு முழுக்க அப்பிக் கிடந்தது. எண்ண முடியவில்லை. தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி சோதித்தார். முப்பத்து நான்கு புள்ளி. அப்படியென்றால் முந்நூற்று நாற்பது. தன் கைமேலேயே சந்தேகப்பட்டு மூன்றாம் முறையும் செய்தார். அதே கதை. தெருவுக்கு அடியில் எங்கோ குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் உடைந்து ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன. வேறு அர்த்தமே கிடையாது.

அந்தத் தெருவில்தான் அவருடைய அக்கா இருந்தார். தனிக்கட்டையான சொட்டுக்கு உறவென்று சொல்லிக்கொள்ள அந்த வீடுதான். அக்கா, அக்காவின் கணவர், எட்டு வயதுப் பெண்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். மேலாளர் அதைப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதை அப்படியே அனுப்ப முடியாதுங்க. இதைப் பார்க்கலையா நீங்க?"

பொதுமக்களிடையே இருவேறு கருத்துகளை உண்டாக்கக்கூடிய எந்த அறிக்கையும், வெளியிடப்படுவதற்குமுன் திறந்த விவாத மன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது.

"இதுல என்ன சார் ரெண்டு கருத்து? புள்ளி இருக்கு. எண்ணியிருக்கேன்."

"நீங்க எண்ணிட்டீங்க. எண்ணாதவங்க எத்தனை பேர் இருக்காங்க ஊர்ல? அவங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும்ல?" மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "முன்னெல்லாம் நாமளே எழுதி நாமளே அனுப்பிடுவோம். அது எவ்வளவு பெரிய சர்வாதிகாரம்னு இந்தச் சுற்றறிக்கை வந்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது."

திறந்த விவாத மன்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. யாரும் எதையும் வாய்விட்டுப் பேச முடியவில்லை என்று அந்த ஊரில் நெடுநாளாகக் குறை இருந்தது. அதைப் போக்க, பேசுவதற்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். கட்டடம் வந்துவிட்டதால் வேறெங்கும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. சொட்டு அங்கே போனபோது எல்லாச் சன்னல்களும் மூடியிருந்தன. திறந்தால் தெருவிலிருந்து சத்தம் வருகிறதாம்.

செயலாளர் ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்.

"உங்க கருத்து என்னங்க?"

"கருத்து இல்லைங்கம்மா. அளவு."

"அளவுன்னு கட்டம் இல்லையே. அறிவியல், பண்பாடு, கருத்துரிமை. மூணுல ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க."

"அறிவியல்."

"அறிவியல்னா எட்டு இணைப்பு வைக்கணும். கருத்துரிமைன்னா இணைப்பே வேண்டாம், மனசுல பட்டதைச் சொல்லிட்டுப் போயிடலாம். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எடுப்பாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

சொட்டு அறிவியலுக்கே டிக் போட்டார். எட்டு இணைப்பும் வைத்தார். அதோடு அடுத்த அறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பண்பாட்டு ஆலோசகர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். அறிக்கையை மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி வட்டம் போட்டார். பிறகு அதே சொல் வந்த பதினேழு இடங்களிலும் வட்டம் போட்டார்.

"மலக்கிருமின்னு எழுதியிருக்கீங்க."

"அதுதாங்க அதோட பேரு."

"பேரு இருக்கட்டும். பேரு இருக்கிறதையெல்லாம் சபையில சொல்லிட முடியுமா? தாய்மார்கள் உட்கார்ந்திருப்பாங்க."

"தாய்மார்களுக்குத்தாங்க அதைப் பத்தி நல்லாத் தெரியும். பிள்ளை வளர்க்கிறவங்க."

ஆலோசகர் பென்சிலை மேசையில் வைத்தார். சொட்டுக்கு இவ்வளவு பேசியதே அதிகம் என்று தோன்றித் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாருங்க, நான் எதையும் தடை பண்றதில்ல. தடைங்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. மாற்றுச் சொல் கொடுக்கிறேன், அவ்வளவுதான்." ஒரு பட்டியலைத் திருப்பி வைத்தார். "விரும்பத்தகாதது. இயற்கையின் எச்சம். நுண் விருந்தினர். இதுல எது வேணாலும் நீங்களே எடுத்துக்கலாம். யாரும் கட்டாயப்படுத்தப் போறதில்ல. சுதந்திரம்னா தேர்ந்தெடுக்கிறதுதானே?"

முதல் சொல்லை ஏற்கெனவே வேறொரு விவாதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெண் எழுதிய நாவலைப் பற்றியது அது. இரண்டாவது சொல் சொட்டுக்கே குமட்டியது. நுண் விருந்தினரை எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஓர் உறுதிமொழி. விவாதம் முடியும்வரை, விவாதப் பொருளைப் பற்றி மன்றத்துக்கு வெளியே யாரிடமும் பேச மாட்டேன். நூலில் கட்டியிருந்த பேனாவால் கையெழுத்துப் போட்டார். தேதி ஒன்பது நாள் தள்ளிக் கிடைத்தது. அதற்குமுன் காலியாக இருந்த ஒரே நாளில், பூமி சுற்றுவதில் இளைஞர்களின் பங்கு பற்றிய விவாதம் வைத்திருந்தார்கள்.

மறுநாள் மதிய இடைவேளையில், படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடி. கொஞ்ச நாளைக்கு."

"ஏன்டா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"நீ சும்மா போன் பண்ற ஆளா? சரி, கொதிக்க வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிடட்டா? கைக்குழந்தை வெச்சிருக்கா பாவம்."

கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்க்கா. யாருக்கும் சொல்லாத. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"திறந்த விவாத மன்றத்துக்கு."

அக்கா சிரித்துவிட்டார். தம்பி நகைச்சுவையாகப் பேசுவது அதுதான் முதல் தடவை என்று நினைத்திருப்பார். போனை வைத்த பிறகு கைக்குழந்தை என்ற சொல் சொட்டின் காதிலேயே இருந்தது. மாலை வேலை முடிந்து பூட்டும்போது அது போய்விட்டது. சாயங்காலத்துக்குள் அது போய்விட்டதே என்பதுதான் பின்னாளில் அவரை அதிகம் வதைத்தது.

விவாத நாள் வந்தது. மன்றக் கூடத்தில் நூற்றிருபது இருக்கைகள், இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது. தலைவர் எழுந்து தொடக்க உரை ஆற்றினார். வெள்ளைத் தலை, கனிந்த குரல்.

"அன்பர்களே! இந்தச் சபையில் உண்மைக்கு எந்தச் சலுகையும் கிடையாது. பொய்க்கு ஒன்பது நிமிடம் என்றால் உண்மைக்கும் ஒன்பது நிமிடம். அதில்தான் நம் பெருமையே இருக்கிறது. பதினாறு ஆண்டுகளாக நான் இங்கே தலைவர். இதுவரை எந்த விஷயத்திலும் எனக்கென்று ஒரு கருத்து இருந்ததில்லை." கைதட்டல். "இருந்திருந்தால் பதினாறு ஆண்டுகள் இருந்திருப்பேனா என்பது வேறு விஷயம்." சிரிப்பு. "தண்ணீர் சுத்தம் என்பது ஒரு பார்வை. அசுத்தம் என்பதும் ஒரு பார்வை. எதைக் குடிப்பது என்பதை மக்கள் முடிவு செய்யட்டும். குடித்த பிறகு முடிவு செய்தாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை."

சொட்டை அழைத்தார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றதும் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றிகள்தாம். கையிலிருந்த தாள் வியர்வையில் நமுத்திருந்தது.

"அச்சகத் தெரு... குழாய்த் தண்ணீர்... மூன்று முறை சோதனை... நூறு மில்லிக்கு முந்நூற்று நாற்பது..." அந்தச் சொல் வரும் இடத்தில் தயங்கினார். முன்வரிசையில் பண்பாட்டு ஆலோசகர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். "...நுண் விருந்தினர்கள்."

கூடம் கொல்லென்று சிரித்தது. "விருந்தாளின்னு வந்துட்டா கவனிக்காம விட முடியுமாங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சொட்டு, இல்லை, அது விருந்தாளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னவென்று சொல்வது? ஒன்பது நிமிடத்தில் மூன்றைக்கூட முடிக்காமல் வந்து உட்கார்ந்தார்.

அடுத்து எதிர்த்தரப்பு பேச வேண்டும். எதிர்த்தரப்பு என்பது ஓர் ஆளின் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. எழுதுபொருள் கடைக்காரர் ஒருவர். எந்தத் தலைப்பானாலும் எதிர்த்துப் பேசுவார். அச்சகத் தெருக்காரர்தான். அவர் வரவில்லை. செயலாளர் தலைவரின் காதருகே குனிந்து, ஆனால் ஒலிவாங்கியில் விழும்படி சொன்னார்: "வயித்துப்போக்காம் ஐயா. நேத்துலேருந்து எழுந்திருக்கவே முடியலையாம். பேச்சை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்காரு."

சொட்டு பாதி எழுந்தார். "ஐயா, அவருக்கு ஏன் வயிறு..."

"உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்றார் தலைவர் அன்பாக.

செயலாளர் மேடையிலிருந்து இறங்கிச் சொட்டின் பக்கத்தில் வந்தார்.

"சிக்கலாயிடுச்சுங்க. எதிர்த்தரப்பு பேசலைன்னா உங்க பேச்சு விவாதத்துல சேராது. வெறும் பிரசாரம் ஆயிடும். இருபத்தேழாவது விதி. அறிக்கை தள்ளுபடி, திரும்ப ஆறு மாசத்துக்குக் கொண்டுவர முடியாது."

"அப்ப என்ன பண்றதுங்க?"

"ஒரு வழி இருக்கு. யாராவது அந்தப் பேச்சைப் படிச்சிட்டா போதும். ஆனா இந்த விஷயத்துல பதிவு பண்ணின பேச்சாளர் நீங்க ஒருத்தர்தான். உங்க அறிக்கையைக் காப்பாத்தணும்னா நீங்களேதான் அதை எதிர்த்துப் பேசணும்."

இதில் ஏதோ தவறு இருக்கிறது என்று சொட்டுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்று அந்த அரை நிமிடத்தில் பிடிபடவில்லை. அறிக்கையைக் காப்பாற்றத்தானே என்று எழுந்து போனார். கடைக்காரரின் தாளைப் பிரித்தார். பெரிய பெரிய எழுத்து. எண்ணே கிடையாது.

"தண்ணீர் குடிக்கும் பெருமக்களே!" என்று படித்தார். யாரோ சிரித்தார்கள். முன்பு சிரித்த சிரிப்பு மாதிரி இல்லை, கூடவே வரும் சிரிப்பு. "உங்கள் அப்பா இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். உங்கள் தாத்தாவும் இதைத்தான் குடித்தார். இன்று அவர்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் போனது வயதால். தண்ணீர்மேல் பழி போடாதீர்கள்!"

கை தட்டினார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலைக்கு யாரும் கை தட்டியதில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் யார் கை தட்டப் போகிறார்கள்? சொட்டு நிமிர்ந்து பார்த்தார். நெற்றிகளுக்குக் கீழே இப்போது முகங்கள் தெரிந்தன. எல்லா முகமும் அவரையே பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்வார் என்று வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தன. அவர் குரல் தானாக ஏறியது. இடது கை தானாக எழுந்தது. இப்படி ஒரு கை தனக்கு இருந்ததே அவருக்குத் தெரியாது. அரைப் பக்கம் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

அங்கேதான் எல்லாம் நடந்தது. தாளில் இருந்ததைப் படித்ததோடு நிறுத்தியிருந்தால், கடைக்காரர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

"நான் இருபத்திரண்டு வருஷமா பூதக்கண்ணாடியில பார்க்கிறேங்க" என்றார் சொட்டு, சொந்த வாயால். "பூதக்கண்ணாடி என்ன பண்ணும்? சின்னதைப் பெரிசாக் காட்டும். ஆக, சின்ன விஷயத்தைப் பெரிசு பண்றதுக்குன்னே எனக்கு ஒரு உத்தியோகம்!"

கூடம் அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பக்க இருக்கைகளும் சேர்ந்து தட்டின. சொட்டு மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, மடக் மடக்கென்று குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"எனக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க!"

மன்றத்துக்குத் தண்ணீர் வெளியிலிருந்து கேனில் வருகிறது. உள்ளே வரும்போதே மாடிப்படிக்கடியில் நீலக் கேன்கள் அடுக்கியிருந்ததை அவர் பார்த்திருந்தார். குடிக்கும்போதும் அது நினைவில் இருந்தது.

வாக்கெடுப்பு நடந்தது. பேச்சாளருக்கும் ஒரு வாக்கு உண்டு. இரண்டு தரப்பிலும் பேசியதால் அவருக்கு இரண்டு. ஒன்றை இந்தப் பெட்டியிலும் ஒன்றை அந்தப் பெட்டியிலும் போடச் சொன்னார்கள், போட்டார். தண்ணீர் சுத்தம் என்ற தரப்பு நூற்றுப் பதின்மூன்று வாக்கில் வென்றது. அசுத்தத்துக்கு ஒன்பது. அச்சகத் தெருத் தண்ணீரைப் பற்றிப் பலவிதக் கருத்துகள் நிலவுகின்றன என்று தீர்மானம் நிறைவேறியது. அறிக்கை காப்பாற்றப்பட்டது, ஆனால் எண்கள் ஒரு பக்கமாகச் சாய்வதால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டார்கள். தலைவர் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த பேச்சாளர் கேடயத்தைக் கொடுத்தார். "இரண்டு தரப்பிலும் இவ்வளவு நேர்மையாகப் பேசிய ஒருவரை நான் பார்த்ததில்லை" என்றார்.

வென்ற பேச்சை, சம்பந்தப்பட்ட தெருவில் மூன்று நாள் காலையில் ஒலிபெருக்கியில் போடுவது மன்றத்தின் வழக்கம். சொட்டுக்கு இது தெரியும். அக்காவுக்குப் போன் போட்டுவிட வேண்டும் என்று அன்றே நினைத்தார். முதல் நாள், அலுவலகத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கையைக் குலுக்கியதில் மறந்துபோயிற்று. மேலாளர் கேடயத்தைக் கண்ணாடி அலமாரியில், சோதனைக் குழாய்களுக்கு மேல்தட்டில் வைத்தார். இரண்டாம் நாள், அக்காதானே, நான் சொன்னதைத்தான் கேட்பாள் என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள், யாரோ போனில் அனுப்பியிருந்த தன் பேச்சைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை அக்காவின் கணவர் போன் செய்தார். "பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு மாப்ள. வாந்தியும் பேதியும். தெருவே இங்கதான் இருக்கு."

தெருவேதான் இருந்தது. முப்பத்தேழு வீடுகளிலிருந்து நாற்பத்தொரு பேர். கட்டில் போதாமல் நடைவழியில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிகளில் சலைன் பாட்டில்கள் தொங்கின. சொட்டு கால்களை ஒதுக்கி ஒதுக்கி நடந்தார். பாயில் படுத்திருந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டு முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"நீங்கதானே அந்தப் பூதக்கண்ணாடி ஜோக் சொன்னது? பிரமாதங்க. மூணு நாளும் கேட்டோம்." சிரிக்கப் போனவர் முகம் மாறி, ஒரு கையில் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடினார்.

அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அதன் புறங்கையில் ஊசி குத்தி, கை அசையாமலிருக்க ஓர் அட்டைத் துண்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சொட்டைப் பார்த்ததும் அவள் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்கண்ணா. அக்கா உள்ளதான் இருக்காங்க. நீங்க ஏன் பாவம் அலையிறீங்க?"

அவர் உட்காரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மருமகள் கட்டிலில் கண் குழிந்து கிடந்தாள். அவரைப் பார்த்ததும் உதடு காய்ந்திருந்தாலும் சிரித்தாள். "மாமா, நாங்கல்லாம் கக்காத் தண்ணி குடிச்சிட்டோமாம். டாக்டர் சொன்னாரு." அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாகச் சொல்ல அனுமதி கிடைத்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கொதிக்க வெச்சிட்டுத்தான்டா இருந்தேன். அன்னிக்குக் காலைல ஒலிபெருக்கில ஒரு குரல். உன் குரல் மாதிரி இருக்கேன்னு வாசலுக்கு ஓடினேன். என் தம்பியா இப்படிப் பேசுறான்னு அவரைக் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னேன். அவ்வளவு பெருமையா இருந்துச்சு. நீ குடிச்சுக் காட்டினன்னு வேற சொன்னாங்க. உள்ள வந்து அடுப்பை அணைச்சிட்டேன்."

"அக்கா, நான் ரெண்டு தரப்பும் பேசினேன். முதல்ல உண்மையைத்தான் பேசினேன்."

"முதல்ல பேசினதா உண்மை?"

"ஆமா."

"அப்ப அதை ஏன்டா அவ்வளவு நல்லாப் பேசல?"

கேட்டுவிட்டு அக்கா திரும்பி, மகளின் போர்வையை இழுத்துச் சரி செய்தார்.

நடைவழியில் மன்றச் செயலாளர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் படிவக் கட்டு. பாய்களுக்கு நடுவே குனிந்து குனிந்து, உடல்நிலை குறித்த உங்கள் கருத்து என்று தலைப்பிட்ட தாளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். எழுந்து உட்கார முடியாதவர்களின் தலையணைக்கடியில் வைத்தார். சொட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். அடுத்த விவாதம் இதைப் பத்தித்தான். நோய் இருக்கா இல்லையான்னு. ஒரே ஒரு கஷ்டம். இங்க நாற்பத்தொரு நோயாளிங்க இருக்காங்க. அப்ப சமமா நாற்பத்தொரு நலமானவங்க பேசணும். அந்தத் தெருவுல அத்தனை பேர் தேறுவாங்களான்னு பயமா இருக்கு. சீக்கிரம் நடத்திடணும். நீங்க வந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் நீங்களே பார்த்துக்குவீங்க."

"நான் வரலைங்கம்மா."

"ஏங்க? உங்களுக்கு எவ்வளவு வரவேற்பு இருக்கு தெரியுமா?"

"வெக்கமா இருக்குங்க."

செயலாளர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு பட்டியலில் அவர் பெயருக்கு நேரே, தனிப்பட்ட காரணம் என்று எழுதிக்கொண்டு அடுத்த பாய்க்கு நகர்ந்தார்.

அறுபத்து மூன்றில் முப்பத்தேழு போக மீதி இருபத்தாறு வீடுகள். அந்த வீடுகளில் யாரும் இன்னும் படுக்கவில்லை. அங்கே குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. சொட்டு அதை மனதுக்குள் கழித்துப் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில். அலுவலகத்துக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் நேரே அச்சகத் தெருவுக்கு நடந்தார்.

பூட்டாமலிருந்த முதல் வீட்டின் கதவைத் தட்டினார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரு பெண் திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"தண்ணியக் குடிக்காதீங்க. குழாய்ல சாக்கடை கலந்திருக்கு. பீ கலந்திருக்கு."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க... ஒலிபெருக்கில பேசினவருதானே? தண்ணி நல்லா இருக்குன்னு?"

"ஆமாம்மா. அது பொய்."

"அது பொய்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பேசறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?" அவள் குரல் உயரவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். "ஏங்க?"

விதி இருபத்தேழைச் சொல்லலாம். செயலாளரைச் சொல்லலாம், மேலாளரைச் சொல்லலாம், தாள் தன்னுடையதில்லை என்று சொல்லலாம். எல்லாம் வரிசையாக வந்து வாயருகே நின்றன. ஒவ்வொன்றும் ஓரளவு உண்மைதான்.

"கை தட்டினாங்கம்மா" என்றார் சொட்டு.

அவள் உள்ளே திரும்பி, "அந்தக் குடத்தைக் கவுத்துடு, யாரும் வாய் வைக்காதீங்க!" என்று கத்தினாள். கதவைச் சாத்தினாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

இருபத்தாறு வீட்டிலும் அவரை அடையாளம் தெரிந்தது. இருபத்தாறு வீட்டிலும் அந்தக் கேள்வி வந்தது. நாலைந்து வீடு போனால் பதில் வாய்க்குப் பழகிவிடும் என்று நினைத்தார். கடைசி வீட்டில் அதைச் சொல்லத்தான் அவருக்கு எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று.